கடை வாசலில் நிற்கும் வண்டி



சரக்கு நிலவரம், வரிக் கணக்கு, பாக்கெட்டில் அச்சிட வேண்டிய விவரம் என்று நமக்கு வேண்டிய பலவற்றையும் இந்த இதழில் படித்து வருகிறோம். கடை வாசலில் நிற்கிற இருசக்கர வண்டியைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். தராசு இல்லாமல் கடை நடக்காது; இன்று வண்டி இல்லாமலும் நடக்காது. தராசுக்குக் காலம் தவறாமல் முத்திரை வைக்கிறோம். வண்டிக்கு என்ன செய்கிறோம்? பெட்ரோல் ஊற்றுகிறோம், ஆயுத பூஜையன்று சந்தனம் வைக்கிறோம். அத்தோடு சரி.

நாம் விருதுநகரில் பருப்பு, எண்ணெய், சர்க்கரை மொத்த வியாபாரம் செய்பவர்கள். கடையில் உட்கார்ந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அதற்கு முன்பு வசூலுக்கு சைக்கிளில் போனோம், பஸ்ஸில் போனோம். சரக்கு மாட்டு வண்டியிலும் தட்டு வண்டியிலும் போயிற்று. டி.வி.எஸ். வந்த பிறகு ஒரு மூட்டை, இரண்டு டின் என்றால் தட்டு வண்டிக்காரரைத் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. சில்லறைக் கடைக்காரருக்கு அது ஒரு பெரிய விடுதலை என்றே சொல்லலாம். ஆனால் இரண்டு பேர் உட்காரச் செய்த வண்டியைப் பாரவண்டி ஆக்கியது நாம்தான். அதன் விலையைப் பலர் கொடுத்திருக்கிறார்கள். நம் கடையும் கொடுத்தது.

1997ஆம் ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. அருப்புக்கோட்டைச் சாலையில் உள்ள ஒரு வாடிக்கைக் கடையிலிருந்து, பலகாரத்துக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது, உடனே அனுப்புங்கள் என்று ஆள் வந்தது. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். தட்டு வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கடைத் தம்பி ஒருவர், அப்போது இருபது வயது இருக்கும், “நான் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறேன் அண்ணாச்சி” என்றார். சரி என்று சொன்னது நாம்தான். முன்னால் இரண்டு எண்ணெய் டின், பின்னால் ஒரு சர்க்கரை மூட்டை. அது போதாதென்று வெல்லப் பை ஒன்றை ஹாண்டில்பாரில் மாட்டிவிட்டோம். மாட்டிய கையும் நம்முடையதே.

ஊர் எல்லை தாண்டியதும் நாய் ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. தம்பி ஹாண்டிலைத் திருப்பப் பார்த்தார். வெல்லப் பை டின்னுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் இறுகிக்கொண்டது. ஹாண்டில் திரும்பவில்லை. பிரேக்கைப் பிடித்தார், ஈரச் சாலை. வண்டி ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தலை மைல்கல்லில் பட்டது. பார்த்தவர்கள் சொன்ன கணக்குப்படி முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம்தான் இருக்கும். மதுரையில் இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் வந்துவிட்டது. ஆனால் இருபது அயிட்டம் உள்ள சிட்டையைப் பென்சில் தொடாமல் கூட்டிச் சொல்கிற பிள்ளை, திரும்பி வந்தபோது ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால் நம் முகத்தைப் பார்த்தார்.

அன்று தலையில் ஹெல்மெட் இருந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் வந்தால் சிரிப்பார்கள். நாமும் சிரித்திருப்போம்.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் கீழே உள்ளதை எழுதுகிறோம். நாம் போக்குவரத்து நிபுணர் அல்லர். வண்டி ஓட்டியும், ஓட்டுபவர்களை வேலைக்கு வைத்தும், மெக்கானிக்குகளோடு பேசியும், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டோடு மல்லுக்கட்டியும் தெரிந்துகொண்டவை இவை.

பாரம்

ஹாண்டிலில் எதையும் மாட்டாதீர்கள். காய்கறிப் பை, தூக்குச் சட்டி, பால் கேன், வசூல் பை, எதுவும் கூடாது. ஒரு கிலோ பைதானே என்பார்கள். வண்டி நேராகப் போகும்போது அது சும்மா ஆடும். திடீரென்று திருப்ப வேண்டிய அந்த ஒரு நொடியில்தான் அது டேங்கிலோ முழங்காலிலோ சிக்கிக்கொள்ளும். அந்த நொடி வரும் என்பதற்காகத்தானே ஹாண்டில் இருக்கிறது?

கனமானதைத் தாழ்வாகவும் வண்டியின் நடுவுக்குப் பக்கத்திலும் வையுங்கள். பின் கேரியரில் மூட்டைமேல் மூட்டை வைத்தால் முன் சக்கரம் இலேசாகிவிடும். ஹாண்டில் கையில் நிற்காமல் பாம்புபோல ஆடுவது அதனால்தான். முட்டை அட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். எடை குறைவுதான், ஆனால் எதிரே ஒரு பஸ் விர்ரென்று கடந்து போனால் அந்தக் காற்று அடுக்கைப் பிடித்துத் தள்ளுகிறது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கு இன்னொரு வகை. ஓட்டுபவர் தன் தோள் அகலத்துக்கு இடம் பார்த்துச் சந்தில் நுழைவார். சரக்கு அடுத்தவர் முட்டியில் இடிக்கும்.

கயிற்றின் நுனி தொங்கக் கூடாது. சக்கரத்திலோ செயினிலோ சுற்றினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்னால் உட்காரும் பெண்களின் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் அதே வேலையைச் செய்யும். சேலை கார்டு இடத்தை அடைக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டுப் பெட்டி மாட்டியவர்கள் நம்மில் பலர் உண்டு. வீட்டுக்காரம்மாவை அதே வண்டியில்தான் கோவிலுக்கும் அழைத்துப் போகிறோம்.

கடை வண்டி ஒன்றுக்கு இவ்வளவுதான் எடை என்று கடைக்காரர் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியோடு வரும் புத்தகத்தில் எவ்வளவு தாங்கும் என்று போட்டிருப்பார்கள். ஓட்டுபவரின் எடையும் அதில் சேர்த்தி என்பதை மறக்கக் கூடாது. அதே புத்தகத்தில் டயர்க் காற்றுக்கும் இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள், ஒரு ஆளுக்கு ஒன்று, பாரத்தோடு ஒன்று. நாம் பாரத்தை ஏற்றிக்கொண்டு தனி ஆள் காற்றில் ஓட்டுகிறோம்.

அதற்கு மேல் சரக்கு இருந்தால் லோடு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் என்று பார்க்கிற இடம் இதுவல்ல. நாம் மிச்சம் பிடித்த தட்டு வண்டிக் கூலி அன்று பதினைந்து ரூபாய்.

தலைக்கவசம்

இதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், தெரிந்த விஷயம் என்று புரட்டிவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொடுத்த கணக்கு இது. இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்து.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2015 ஜூலை 1ஆம் தேதி முதல் தமிழகத்தில் ஹெல்மெட் கட்டாயம் ஆக்கப்பட்டபோது கடைகளில் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். பிளாட்பாரத்தில் சட்டிபோல ஒன்றைக் கவிழ்த்து வைத்து விற்றார்கள். நாமும் வாங்கினோம், போலீசுக்காக. அதைக் கையால் அமுக்கினால் அமுங்கும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைச் செய்வதும் விற்பதும் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆனாலும் ஒட்டுவில்லை முத்திரை ஊரெல்லாம் கிடைக்கிறது. போலி முத்திரையைக் கண்டுபிடிப்பதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். போலி நெய்யும் போலித் தேயிலையும் பார்த்தவர்கள் நாம். ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கெட்டியான தெர்மாகோல் அடுக்கு இருக்க வேண்டும். அடிபடும்போது நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்வது அதுதான். மேல் ஓடு அல்ல. ஒரு முறை பலமாக விழுந்த ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அந்த அடுக்கு நசுங்கியிருக்கும். அதை எடுத்துக் கடைப் பையனுக்குக் கொடுப்பது, கெட்டுப்போன சரக்கை ஏழைக்கு விற்பதற்குச் சமம்.

அளவு முக்கியம். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும். தலை மட்டும் உள்ளே தனியாகச் சுழலக் கூடாது. தாடை வாரை மாட்டாவிட்டால், விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் போய் விழுந்துவிடும். வார் மாட்டினால் வியர்க்கிறது என்பது உண்மைதான். விருதுநகர் வெயில் நமக்குத் தெரியாததா? உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு மேலே போட்டால் ஓரளவு தாங்கலாம். முடி கொட்டுகிறது என்கிற புகாரும் குறையும்.

அபராதம் எவ்வளவு என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் அது 1,000 ரூபாய் ஆனது. அதற்கு முன் 100 ரூபாய். நல்ல ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் ஒன்றின் விலையும் கிட்டத்தட்ட அந்த ஆயிரம்தான். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறோம். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடும் தாத்தாக்கள் கவனிக்கவும்.

இடது கைப் பிடி

இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் நம் கடைத்தெருவில் இது இரண்டு மூன்று முறை நடந்திருக்கிறது. எக்ஸ்.எல். வண்டியிலும் ஸ்கூட்டரிலும் இடது கைப் பிடி பின் பிரேக். கியர் வைத்த மோட்டார் சைக்கிளில் இடது கைப் பிடி கிளட்ச். பின் பிரேக் வலது காலில். இரண்டு ஆண்டு எக்ஸ்.எல். ஓட்டிப் பழகிய பையன் ஒரு நாள் முதலாளியின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறான். நிதானமாகப் போகும்போது எல்லாம் நினைவிருக்கும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வரும்போது மூளை யோசிக்காது, கைதான் யோசிக்கும். இடது கை இறுக்கிப் பிடிக்கிறது. வண்டி நிற்பதற்குப் பதிலாக இஞ்சின் பிடியும் விட்டுப்போய்க் காற்றுபோல ஓடுகிறது. ஆகவே வண்டி மாற்றிக் கொடுக்கும்போது, முதலில் காலி மைதானத்தில் பத்து முறை ஓட்டி நிறுத்திப் பழகச் சொல்லுங்கள். லைசென்சும் கியர் வண்டிக்கு வேறு, கியர் இல்லாத வண்டிக்கு வேறு.

முன் பிரேக்கைத் தொட்டால் குப்புறத் தள்ளிவிடும் என்று பயந்து பின் பிரேக் மட்டுமே பிடிப்பவர்கள் நம்மில் அநேகர். பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. அப்போது சாலையை நன்றாகப் பிடித்திருப்பது முன் சக்கரம்தான். வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்கே. இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று இல்லாமல் அழுத்திக்கொண்டே போக வேண்டும். மணலிலும், ஈரத்திலும், வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போதும் மட்டும் முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கக் கூடாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த 125 சி.சி. வரையிலான வண்டிகளில், ஒரு பிடியை அழுத்தினால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடாவது வைக்க வேண்டும் என்றும், அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். வேண்டும் என்றும் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் நம் கடைவாசல்களில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் அதற்கு முந்தியவை.

வேகக் கணக்கு

நாம் வியாபாரிகள், கணக்காகச் சொன்னால் மனதில் ஏறும். நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி போய்விடும். பத்தடி முகப்புள்ள கடைகள் வரிசையாக இருந்தால், பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே மூன்றரைக் கடையைத் தாண்டியிருப்போம். அறுபதில் போனால் ஐந்தரைக் கடை. அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்கிற தூரம் இருக்கிறதே, அது வேகத்தின் அளவில் கூடுவதில்லை. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவில் கூடுகிறது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் வேகம் ஒன்றரை மடங்கு. நிற்கும் தூரம் இரண்டே கால் மடங்கு.

லாபம் என்ன? விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 20 கிலோமீட்டர். நாற்பதில் போனால் அரை மணி, அறுபதில் போனால் இருபது நிமிடம். மிச்சம் பத்து நிமிடம். அதுவும் வழியில் ஒரு டீ குடித்தால் தீர்ந்தது.

கடைத்தெருவுக்குள் நாற்பதே அதிகம். நிற்கிற லாரிக்கும் காருக்கும் பக்கத்தில் போகும்போது ஒரு கதவு அகலத்துக்கு இடம் விட்டுப் போங்கள். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. நின்ற பஸ்ஸை வேகமாகத் தாண்டாதீர்கள். இறங்கியவர் பஸ்ஸுக்கு முன்னால் சுற்றிக் குறுக்கே வருவார். லாரி, பஸ்ஸுக்கு இடது பக்கமாக நுழையவே கூடாது. அவருடைய கண்ணாடியில் நம் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நம்மைத் தெரியாது. அவர் இடது பக்கம் ஒடித்தால் பின் சக்கரம் நம்மேல்தான் வரும்.

நான்கு வழிச் சாலை வந்த பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. சுற்றிக்கொண்டு வர இரண்டு கிலோமீட்டர் ஆகிறது என்று எதிர்த்திசையில் ஓரமாக வருவது. எதிரே வரும் கார் நூறில் வருகிறது, நாம் நாற்பதில் போகிறோம். மோதினால் இரண்டும் சேரும். பெட்ரோல் கணக்குப் பார்த்தால் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது.

மழைக்காலத்தில் முதல் அரை மணி நேரம் மிக மோசம். பல நாள் வெயிலில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் குழம்பாகி வழுக்கும். பலத்த மழை அடித்துக் கழுவிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை. அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் கம்பு, சோளம், கொள்ளு, உளுந்து என்று காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் பிரேக் போட்டால் கோலிக்குண்டின்மேல் போட்டதுபோல. அந்தத் தானியத்தை வாங்கி விற்கிற நாம் அவர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. களம் இல்லாமல்தானே சாலைக்கு வருகிறார்கள்.

இரவு வசூல் முடித்துத் திரும்புவது தனிச் சங்கதி. பகல் முழுக்க நின்ற கால், இடுப்பில் பணம், மனதில் யார் எவ்வளவு பாக்கி என்ற எண்ணம். கண் சாலையில் இருக்கும். கவனம் பேரேட்டில் இருக்கும். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும், பின் சிவப்பு விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரும் பக்கத்தில் போகும் வரை தெரியாது. எதிர் விளக்கு கண்ணைக் கூசினால் அதையே பார்க்காமல், இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியை மாற்றுங்கள். இரவில் ஒவ்வொரு கீறலும் ஒரு விளக்காகத் தெரியும். வண்டியின் பின்னாலும் சரக்குப் பெட்டியிலும் ஒளிரும் ஒட்டுப்பட்டை ஒட்ட ஐம்பது ரூபாய்கூட ஆகாது. நாற்பது வயதுக்கு மேல் ஆனவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லது. நாம் ஐம்பத்தெட்டு வயதில் கண்ணாடி மாட்டிய பிறகுதான் இரவில் சாலையில் எவ்வளவு பள்ளம் இருக்கிறது என்றே தெரிந்தது.

செல்போன். கழுத்தைச் சாய்த்துத் தோளில் இடுக்கிக்கொண்டு ஆர்டர் எடுக்கிற வித்தை நம் வியாபாரிகளைப்போல் யாருக்கும் வராது. நம் கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வண்டி எடுத்துப் போனவருக்கு நாம் போன் பண்ணுவதில்லை. எங்கே இருக்கிறாய், இன்னும் போகவில்லையா என்று கேட்டு அவரை ஓட்டிக்கொண்டே பேச வைப்பது நாம்தானே? போய்ச் சேர்ந்ததும் அவரே கூப்பிடுவார். குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி இந்த இதழில் எழுத வேண்டியதில்லை என்று நம்புகிறோம். இருந்தாலும், பண்டிகைக் கணக்கு முடித்த இரவில் பையன்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு கண் வையுங்கள்.

காகிதங்கள்

1997இல் நம் கடைத் தம்பியிடம் லைசென்ஸ் இல்லை. எடுக்க ஒரு நாள் லீவு கேட்டார். சீசன் முடியட்டும் என்று மூன்று முறை தள்ளிப் போட்டோம். அதனால் இன்ஷூரன்ஸ் வழியில் ஒரு பைசா வரவில்லை. வைத்தியச் செலவை நாமே கொடுத்தோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான் என்பதால் கொடுத்தோம். வேலை நேரத்தில் வேலையின் பொருட்டு நேர்ந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதலே இந்த நாட்டுச் சட்டம்.

லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் 2019 திருத்தத்தின்படி வண்டிக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. பதினெட்டு வயது ஆகாத பையன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் இன்னும் கடுமை. பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகனிடம் சாவியைக் கொடுத்து, அந்தக் கடைக்கு இதைக் கொடுத்துவிட்டு வா என்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எல்லோரிடமும் இருக்கும். அது நாம் இடித்தவருக்கானது; நமக்கானது அல்ல. பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு 15 லட்ச ரூபாய் என்று ஒரு வரி இருக்கும். அது பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர், செல்லுபடியாகும் லைசென்சோடு, தானே ஓட்டும்போது மட்டும். கடைப் பையன் ஓட்டினால் அவருக்கு அது கிடையாது. வண்டி பார்ட்னர்ஷிப் பெயரிலோ கம்பெனி பெயரிலோ இருந்தால் அந்தக் காப்பு யாருக்குமே கிடையாது. நம்மில் பலர் வருமான வரிக்காக வண்டியைக் கடைப் பெயரில் வாங்கியவர்கள்! ஏஜெண்டைக் கூப்பிட்டு, வேலையாள் ஓட்டினால் அவருக்கு என்ன வழி என்று நேராகக் கேளுங்கள். வேலையாட்களுக்குத் தனி விபத்துப் பாலிசி எடுக்க ஆண்டுக்கு ஆகும் செலவு, ஒரு மூட்டைப் பருப்பின் விலையில் சிறு பகுதி.

கடைக்கு முன்னால் விபத்து நடந்தால்

சாலை ஓரத்தில் கடை வைத்திருப்பதால் முதலில் ஓடுபவர்கள் நாம்தான். ஓடும்போது கையில் ஒரு சோடாவோ தண்ணீர் பாட்டிலோ எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். நல்ல மனம்தான், ஆனால் நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக் குழலுக்குள் போய்விடும். தூக்கி உட்கார வைப்பதும், கையையும் காலையும் பிடித்து மடக்கி ஆட்டோவில் திணிப்பதும் கழுத்தெலும்பிலும் முதுகெலும்பிலும் அடிபட்டவரை ஆயுளுக்கும் படுக்க வைத்துவிடும். 108ஐக் கூப்பிடுங்கள். பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கோர்ட்டு, கேஸ் என்று இழுப்பார்களோ என்ற பயத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிய காலம் ஒன்று உண்டு. உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லி, 2019 திருத்தத்தில் அது சட்டப் பிரிவாகவே வந்துவிட்டது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள். அடிபட்டவரின் உறவினர் வந்து சேரும் வரை யார் பணம் கட்டுவது என்று தயங்கி நின்ற காலம் அது வந்த பிறகுதான் மாறியது.

நம்மவர்கள் கோபித்துக்கொண்டாலும் ஒன்று சொல்ல வேண்டும். கடையை நாலடி சாலைக்குள் இழுத்து வைத்து, அதற்கு முன்னால் தள்ளுவண்டி, அதற்கு முன்னால் வண்டி ஸ்டாண்டு, அதற்கும் முன்னால் லோடு இறக்கும் லாரி என்று நின்றால், வருகிறவன் சாலையின் நடுவில் அல்லாமல் எங்கே போவான்? எண்ணெய் டின் ஒழுகினால் நாம் கடைக்குள் மரத்தூள் போட்டுத் துடைக்கிறோம். வாசலுக்கு வெளியே சாலையில் ஒழுகியது யாருடையதோ என்று விட்டுவிடுகிறோம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

அந்தத் தம்பிக்கு இப்போது ஐம்பது வயதுக்கு அருகில். கணக்கு திரும்பி வரவில்லை. ஆனால் ஆள் திடமாக இருக்கிறார். காலை எட்டு மணிக்குக் கடைக்கு வந்துவிடுவார். வண்டிச் சாவியும் ஹெல்மெட்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. அது அவருடைய பொறுப்பு. யார் வண்டி எடுத்தாலும் ஹெல்மெட்டை மாட்டி, வாரை அவர் ஒரு முறை இழுத்துப் பார்த்து, ஹாண்டிலில் ஏதாவது தொங்குகிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகுதான் சாவி கைக்கு வரும். போன வாரம் பேங்க் மூடுகிற நேரம் என்று நாம் அவசரப்பட்டுச் சாவியைக் கேட்டோம்; கொஞ்சம் சத்தமாகவே கேட்டோம். “முதல்ல இதை மாட்டுங்க அண்ணாச்சி” என்று ஹெல்மெட்டை நீட்டிக்கொண்டு நின்றார். மாட்டிக்கொண்டுதான் போனோம். பேங்க் திறந்திருந்தது.